நெருங்கிய மூட்டுதான் நீரைக் குடிக்கிறது

இரண்டு பொருள்கள் சேரும் இடத்தை எவ்வளவு நெருக்கமாகப் பொருத்துகிறோமோ, அவ்வளவுக்கு மழைநீர் உள்ளே வராது என்ற எண்ணம் கட்டடத் தொழிலில் இருப்பவர்களிடமும் வீடு கட்டுபவர்களிடமும் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஈரக்கசிவின் மூலம் எங்கே என்று தேடுவதே என் பிழைப்பாகிப் பல காலம் ஆகிவிட்டது. விரல் நுழையும் அளவுக்கு வாய் பிளந்து நிற்கும் இடைவெளிகள் என்னை அதிகம் அலைக்கழித்ததில்லை. அவற்றின் குற்றம் பார்த்தவுடன் தெரிந்துவிடும். தாள்கூட நுழையாதபடி அழகாகப் பொருந்தியிருக்கும் மூட்டுகள்தாம் மறுபடி மறுபடி என்னை ஏணியில் ஏற வைத்திருக்கின்றன. “இவ்வளவு இறுக்கமாகச் செய்திருக்கிறோமே, இதன் வழியாகவா தண்ணீர் வரும்?” என்று கேட்கும் தச்சரிடமும் கொத்தனாரிடமும் நான் சொல்வது ஒன்றுதான்: இறுக்கமாகச் செய்திருப்பதால்தான் வருகிறது.

பெரிய திறப்பின் வழியே நீர் நுழைய வேண்டுமானால் காற்று தள்ள வேண்டும், அல்லது வாட்டம் உள்நோக்கி இருக்க வேண்டும், அல்லது துளி தெறித்து விழ வேண்டும். மெல்லிய இடைவெளிக்கு இவை எதுவும் தேவையில்லை. அது நீரைத் தானாகவே இழுத்துக்கொள்கிறது. பக்கவாட்டில் இழுப்பதோடு நில்லாமல், புவியீர்ப்பை எதிர்த்து மேல்நோக்கியும் இழுக்கிறது. நுண்புழை ஏற்றம் என்று பள்ளிப் பாடத்தில் படித்துவிட்டு எல்லோரும் மறந்துபோன விசை இதுவே.

இதைக் கண்ணால் பார்க்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. 100 மி.மீ. அகலமும் 200 மி.மீ. உயரமும் உள்ள இரண்டு கண்ணாடித் துண்டுகளை நன்றாகக் கழுவித் துடைத்து, ஒரு பக்கத்து நெடுவிளிம்புகள் ஒன்றையொன்று தொடும்படியும், எதிர்ப்பக்கத்து விளிம்புகளுக்கு நடுவே 1 மி.மீ. தடிமனுள்ள அட்டைத் துண்டு இருக்கும்படியும் வைத்து, ரப்பர் வளையம் போட்டுக் கட்டுங்கள். சாயம் கரைத்த நீர் உள்ள தட்டில் இதை நிமிர்த்தி வைத்தால், அட்டை இருக்கும் பக்கத்தில் நீர் சுமார் 15 மி.மீ. ஏறி நிற்கும். நடுப்பகுதியில், அதாவது இடைவெளி 0.5 மி.மீ. ஆகும் இடத்தில், 30 மி.மீ. ஏறியிருக்கும். விளிம்புகள் தொடும் இடத்திலிருந்து 10 மி.மீ. தள்ளி, இடைவெளி 0.1 மி.மீ. மட்டுமே உள்ள இடத்தில், நீர் 150 மி.மீ. உயரத்தை எட்டிவிடும். அதற்கும் அப்பால், விளிம்பை ஒட்டி, கண்ணாடியின் உச்சி வரைக்கும் சாயம் ஏறி நிற்பதைக் காணலாம். கண்ணாடியின் மேல் நீர் வரையும் அந்த வளைகோடு ஓர் அதிபரவளையம் என்பதை ஆங்கிலக் கணிதவியலாளர் பிரூக் டெய்லர் 1712-இல் எழுதிவைத்தார். குழாய் எவ்வளவு குறுகியதோ அவ்வளவு உயரம் நீர் ஏறும் என்ற விதியை ஆங்கில மருத்துவர் ஜேம்ஸ் ஜுரின் 1718-இல் வகுத்தார். கட்டட வேலைக்கு அந்த விதியைச் சுருக்கிக்கொண்டால் போதும்: இரண்டு சமதளப் பரப்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை மி.மீ. அளவில் எடுத்துக்கொண்டு, 15-ஐ அதனால் வகுத்தால், நீர் எத்தனை மி.மீ. ஏறும் என்பது ஏறத்தாழக் கிடைத்துவிடும்.

நீருக்குக் கண்ணாடியின் மேல் உள்ள பற்று செங்கல், சிமெண்ட், கல், ஓடு, மரம் ஆகியவற்றின் மேலும் உண்டு. இவை எல்லாமே நீரால் நனையும் பொருள்கள். இவற்றின் மேல் நீரின் சேர்கோணம், அதாவது நீரின் விளிம்பு பரப்போடு நீருக்குள் உண்டாக்கும் கோணம், 90 பாகைக்குக் குறைவு. நனையும் பரப்பு நீரின் விளிம்பைத் தன்மேல் இழுக்க, பரப்பு இழுவிசை நடுவில் உள்ள நீரையும் சேர்த்துக் கூட்டிச் செல்கிறது. இடைவெளி குறையக் குறையத் தூக்க வேண்டிய நீரின் எடை குறைகிறது. இழுக்கும் விளிம்புகளின் நீளமோ குறைவதில்லை. குறுகிய மூட்டு வலுவாக உறிஞ்சுவதற்கு இதைத் தவிர வேறு இரகசியம் இல்லை.

எவ்வளவு வலுவாக உறிஞ்சுகிறது என்பதைக் காற்றோடு ஒப்பிட்டால்தான் மனத்தில் பதியும். 0.1 மி.மீ. இடைவெளி உண்டாக்கும் உறிஞ்சல் அழுத்தம் சுமார் 1,450 பாஸ்கல். சுவரில் நேராக மோதும் காற்று அதே அழுத்தத்தைத் தர வேண்டுமானால், அது மணிக்குச் சுமார் 177 கி.மீ. வேகத்தில் வீச வேண்டும். புயலுக்குப் பயந்து சன்னலை இழுத்துச் சாத்துகிற நாம், எந்நேரமும் ஒரு பெரும்புயலின் அழுத்தத்தோடு நீரை உள்ளே இழுக்கக் காத்திருக்கும் மூட்டுகளை நம் கையாலேயே செய்து வைக்கிறோம். மூட்டு கிடைமட்டமாக இருந்தாலோ தூக்க வேண்டிய எடையும் இல்லை. ஆகவே உயர வரம்பும் இல்லை. வழவழப்பான பக்கங்கள் கொண்ட 0.1 மி.மீ. இடைவெளி ஒன்று 200 மி.மீ. தடிமனுள்ள சுவரைக் குறுக்கே கடந்தால், அதன் முழு நீளமும் நனைவதற்குக் கணக்குப்படி ஏறத்தாழக் கால் நிமிடம் போதும். உண்மையான விரிசல் கரடுமுரடாகவும் வளைந்தும் இருப்பதால் நேரம் கூடும் என்பது சரிதான். ஆனால் மழை கால் நிமிடத்தில் நிற்பதில்லையே.

கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தைச் சேர்ந்த ஜி. கே. கார்டன், மழைநீர் ஒரு சுவருக்குள் புக மூன்று காரணங்கள் ஒன்றுசேர வேண்டும் என்று 1963-இல் எழுதினார். சுவரின் மேல் நீர் இருக்க வேண்டும். நுழைய ஒரு திறப்பு இருக்க வேண்டும். அந்தத் திறப்பின் வழியே நீரை நகர்த்த ஒரு விசை இருக்க வேண்டும். மூன்றில் எதை நீக்கினாலும் கசிவு நின்றுவிடும். நடைமுறையில் பெரும்பாலோர் திறப்பை மட்டுமே துரத்திக்கொண்டு அடைக்கிறார்கள். நுண்புழையைப் பொறுத்தவரை இந்தத் துரத்தல் எதிர்மறையாகவே முடியும். ஏனென்றால் இங்கே நீரை நகர்த்தும் விசை திறப்பின் சிறுமையிலிருந்தே பிறக்கிறது. திறப்பை முற்றாக ஒழிக்க முடிந்தால் நல்லது. ஒழிக்க முடியாமல் பாதியில் விட்டால், முன்பு இருந்ததைவிட வலுவான உறிஞ்சுகுழலைச் செய்து வைத்தவர்களாவோம். திறப்பை அகலமாக்கினாலோ விசை தானாக அற்றுப்போகும். 6 மி.மீ. அளவுக்கு விலகிவிட்ட இரண்டு பரப்புகளுக்கு நடுவே நீரால் பாலம் கட்டி ஏற முடியாது. கலவைத் துணுக்கும் தூசியும் பொருள்களின் கோணலும் அந்த இடைவெளியில் கொஞ்சத்தைத் தின்றுவிடும் என்பதால், களத்தில் நான் 10 மி.மீ.க்குக் குறையாமல் கேட்பது வழக்கம்.

இந்த இடத்தில் பாடநூல்கள் அவ்வளவாகப் பேசாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நுண்புழை தான் இழுத்த நீரைத் தானே வெளியே கொட்டாது. நீர் நிரம்பிய மயிரிழை விரிசல் ஒன்று சுவரின் உட்பக்கத்தில் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். நீரின் முகம் அந்த வாயில் வந்து நிற்கும். அங்கிருந்து அறைக்குள் ஒழுகாது, ஏனென்றால் எந்தப் பரப்பு இழுவிசை அதை உள்ளே கொண்டுவந்ததோ அதே பரப்பு இழுவிசை வாயிலில் அதைத் தடுத்து நிறுத்துகிறது. “அப்படியானால் பயம் எதற்கு?” என்று கேட்கலாம். அந்த வாயில் வேறொருவர் வந்து நீரை வாங்கிக்கொள்வதால்தான் பயம். காற்று சற்றே அழுத்தினாலும் நிரம்பி நிற்கும் நீர் உட்பக்கம் பிதுங்கும். வறண்ட விரிசலில் பாதி வழிகூடத் தள்ள முடியாத மென்காற்றுக்கும் இது முடியும். மூட்டின் வெளிவாய் உள்வாயைவிட உயரத்தில் இருந்தால் நீரின் சொந்த எடையே அந்த வேலையைச் செய்யும். எல்லாவற்றிலும் மோசமானது, அந்த வாயைத் தொட்டுக்கொண்டு இன்னும் நுண்ணிய துளைகள் கொண்ட பொருள் இருப்பது. நுண்ணிய துளை எப்போதும் பெரிய துளையிடமிருந்து நீரைப் பறித்துக்கொள்ளும். விரிசலைத் தொடும் உட்பூச்சு, ஒட்டுப்பலகை, ஜிப்சம் பலகை, மூட்டுக்குள் சேர்ந்த தூசி ஆகிய எல்லாமே விரிசலைவிட நுண்ணியவை. ஆண்டுக்கணக்கில் ஒழுகாமல் இருந்த ஒரு மூட்டின் மேல் உட்புறமாக அலங்காரப் பலகையை ஒட்டி அடித்த முதல் மழைக்காலத்திலேயே பலகை உப்பிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். பலகை தரமற்றது என்று வீட்டுக்காரர் விற்றவரோடு சண்டைக்குப் போனார். பலகையின் மேல் தவறில்லை. அதுவரை வாங்க ஆளில்லாமல் மூட்டுக்குள் நின்றுகொண்டிருந்த நீருக்கு அது ஆளாக அமைந்தது.

இதே குணம்தான் மூட்டை உலரவும் விடாமல் செய்கிறது. அகலமான இடைவெளியில் நனைந்த பரப்பைக் காற்று வந்து உலர்த்திவிடும். நெருக்கமான இடைவெளியில் நீர் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு கிடக்கும். காற்றுக்குத் தெரிவது விளிம்பில் உள்ள மெல்லிய கோடு மட்டுமே. அடுக்கி வைத்த துத்தநாகப் பூச்சுத் தகடுகளின் ஓரம் ஒருமுறை நனைந்துவிட்டால், தகடுகளுக்கு நடுவே நீர் புகுந்து நின்று வெண்துரு பூத்துவிடுவது இதனால்தான். திறந்த வெளியில் மழையில் நிற்கும் தனித் தகடு தப்பிவிடும். மூடி அடுக்கி வைத்தது கெட்டுப்போகும்.

நுண்புழையை முறிக்கும் கலையை நான் கற்றது பழைய மரச் சன்னல்களிடமிருந்து. ஒழுங்காகச் செய்த ஒரு மரச் சன்னலின் கதவைத் திறந்து, நிலையின் படிவெட்டை, அதாவது கதவு வந்து பொருந்தும் வெட்டை, விரலால் தடவிப் பார்த்தால், மேலிருந்து கீழ்வரை ஒரு காடி ஓடுவது தட்டுப்படும். கதவின் விளிம்பிலும் அதற்கு நேர் எதிரே இன்னொரு காடி இருக்கும். கதவைச் சாத்தும்போது இரண்டும் முகத்துக்கு முகம் வந்து, நடுவில் சுண்டுவிரல் அளவு ஒரு குழல் உருவாகும். கதவுக்கும் நிலைக்கும் நடுவே உள்ள 1 அல்லது 2 மி.மீ. சந்தில் வெளியிலிருந்து உள்நோக்கிப் பரவிவரும் நீர், இந்தக் குழலை அடைந்ததும் திடீரென்று பிடிமானத்தை இழக்கிறது. எதிர்ப்பக்கம் எட்டாத தொலைவுக்குப் போய்விட்டதால் அதனால் மேலே நகர முடிவதில்லை. பின்னால் வரும் நீர் சேரச் சேர அது குழலின் வழியே கீழே இறங்கி, வெளிவாட்டம் கொடுத்த அடிக்கட்டையின் மேல் விழுந்து, வந்த வழியே வெளியேறுகிறது. அடைப்பதற்கு ரப்பரும் இல்லை, பசையும் இல்லை. உளி ஓட்டிய ஒரு பள்ளம் மட்டுமே. அந்தக் குழலில் காற்று விரிந்து வேகம் குறைவதால், காற்று சுமந்துவந்த துளிகளும் அங்கேயே உதிர்ந்துவிடுகின்றன என்பது கூடுதல் ஆதாயம்.

பெயிண்ட் அடிப்பவர்கள் இந்தக் காடியைச் சுரண்டாமல் பூச்சின் மேல் பூச்சாக அடித்து மூடிவிடுவது ஒரு கேடு. அதைவிடப் பெரிய கேடு, சன்னலில் காற்று வருகிறது என்று சொல்லிக் காடியின் மேலேயே பஞ்சு போன்ற நுரைப் பட்டையை ஒட்டுவது. துளைகள் ஒன்றோடொன்று திறந்துள்ள நுரை தானே ஒரு நுண்புழைக் கூட்டம். அதை வைத்து மூட்டை அடைப்பது, கசிவுக்கு எதிராகத் திரியைக் காவல் வைப்பதற்குச் சமம். பட்டை ஒட்டத்தான் வேண்டுமென்றால், துளைகள் மூடிய ரப்பர் பட்டையைக் காடிக்கு உட்பக்கத்தில், அறையை ஒட்டி ஒட்ட வேண்டும். நீரைக் காடி பார்த்துக்கொள்ளட்டும். காற்றைப் பட்டை பார்த்துக்கொள்ளட்டும். இரண்டு வேலையையும் ஒரே இடத்தில் ஒரே பொருளின் தலையில் கட்டும்போதுதான் இரண்டுமே கெடுகின்றன.

சன்னலுக்கு மேலே உள்ள மழைமறைப்பின் அடிப்பக்கத்திலும் சன்னல் அடிக்கல்லின் கீழும் ஓடும் சொட்டுக்காடியும் இதன் உடன்பிறப்புத்தான். விளிம்பைத் தாண்டிய நீர் நேராகக் கீழே விழாமல், அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டே சுவரை நோக்கித் திரும்பி ஓடும். சுவருக்கும் பலகத்துக்கும் நடுவே மயிரிழை விரிசல் இருந்தால் அதற்குள் புகுந்துகொள்ளும். வழியில் காடி குறுக்கிட்டால், அதன் செங்குத்தான பக்கத்தில் ஏறினால்தான் அப்பால் போக முடியும் என்பதால் நீர் அங்கே திரண்டு சொட்டிவிடும். இந்தக் காடி குறுகலாக இருந்தால் நீர் அதை நிரப்பிப் பாலம் கட்டிக் கடந்துவிடும், 10 மி.மீ. அகலமாவது வேண்டும். கவனிக்கப்படாத இன்னொரு நுணுக்கம் காடியின் முனைகளில் இருக்கிறது. இரண்டு முனையிலும் காடியைச் சுவர்வரை ஓட்டிவிட்டால், அது நீரைச் சொட்ட வைப்பதற்குப் பதிலாகச் சுவருக்குள் வாய்க்கால் வெட்டிவிட்டது போலாகும். சுவருக்குச் சற்று முன்பே காடியை நிறுத்திவிட வேண்டும்.

கூரைத் தகடுகளின் மேற்படிவுக்கு வருவோம், ஏனென்றால் கணக்குப் போட்டுப் பார்க்கத் தக்க இடம் இது. மேல்தகடு கீழ்த்தகட்டின் மேல் 150 மி.மீ. படிந்திருக்கிறது என்று கொள்வோம். கூரையின் வாட்டம் 5 பாகை மட்டுமே என்றால், அந்த 150 மி.மீ. நீளத்தில் கிடைக்கும் செங்குத்து உயரம் 13 மி.மீ.தான். இரண்டு தகடுகளுக்கு நடுவே 0.2 மி.மீ. சந்து இருந்தால் நீர் 75 மி.மீ. உயரம்வரை ஏறக்கூடியது, ஆகவே மேற்படிவு முழுவதும் நனைந்து, மேல்விளிம்பில் நீர் உட்பக்கத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும். அதே மேற்படிவு 30 பாகை வாட்டத்தில் 75 மி.மீ. உயரத்தைத் தருவதால், அதே சந்தில் ஏறும் நீர் ஏறக்குறைய விளிம்போடு நின்றுவிடும். ஒழுகுகிறது என்று சொன்னவுடன் திருகாணிகளை இன்னும் இறுக்குவதுதான் எல்லோருடைய முதல் வைத்தியம். இறுக்கினால் சந்து 0.2-இலிருந்து 0.1 ஆகும், ஏற்றம் இரட்டிக்கும். தாழ்ந்த வாட்டத்தில் செய்ய வேண்டியது, மேற்படிவின் அகலம் முழுவதும் இடைவெளியே இல்லாமல் பியூட்டைல் என்னும் ஒட்டும் ரப்பர் பட்டையைத் தொடர்ச்சியாக ஒட்டி, இரண்டு தகடுகளும் அதன் மேல் அழுந்தும்படி பூட்டுவது. பட்டை ஒரே ஓர் இடத்தில் விட்டுப்போனாலும் நீர் அங்கே தேடிவரும். பக்கவாட்டு மேற்படிவுகளில் இந்தத் தொல்லை குறைவு, ஏனென்றால் நல்ல தகடுகளில் கீழே போகும் மடிப்பின் பக்கத்தில் ஒரு சிறு பள்ளத்தை ஆலையிலேயே அழுத்தி வைத்திருப்பார்கள். தகடு வாங்கும்போது தடிமனையும் நிறத்தையும் கேட்பவர்கள் அந்தப் பள்ளம் இருக்கிறதா என்று கேட்பதில்லை. எந்தப் பக்கம் கீழே போக வேண்டும் என்பதைக் கவனிக்காமல் தகட்டைத் திருப்பிப் போட்டுவிட்டால் பள்ளம் இருந்தும் பயனில்லை.

மரப்பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவைத்து மூடும் சுவர்களிலும் கதை இதுவே. அங்கே மரத்தின் வெட்டுமுகம் சேர்ந்துகொள்கிறது. நார் ஓடும் திசையில் மரம் என்பதே குழாய்களின் கற்றை. பலகையின் முகத்தின் வழியே மெதுவாக உள்வாங்கும் மரம், வெட்டுமுகத்தின் வழியே பல மடங்கு விரைவாக உள்வாங்கும். பலகையின் முகத்துக்கு மூன்று பூச்சு கொடுத்துவிட்டு வெட்டுமுகத்தைக் கண்டுகொள்ளாமல் விடுவது தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதை. மரத்தூணைக் கான்கிரீட்டின் மேல் நேரடியாக நிறுத்தினால் அடியில் உள்ள வெட்டுமுகம் எந்நேரமும் குடித்துக்கொண்டிருக்கும். உலோகக் குதிரையின் மேல் தூணைத் தூக்கி நிறுத்தி, அடியில் காற்று ஓட விட்டால் அது தலைமுறை தாண்டும்.

மூட்டுகளை அடைக்கும் பசையான சீலன்ட் பற்றி என் கருத்து கொஞ்சம் கடுமையானது. சீலன்ட் நல்ல பொருள்தான். அதை மட்டுமே நம்பிச் செய்யும் மூட்டு நல்ல மூட்டு அல்ல. சிலிகானோ பாலியூரித்தேனோ பக்கச்சுவரை விட்டுப் பிரியும்போது, ஓர் அங்குலம் விலகிப் பிளப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடாகப் பிரிகிறது. நுண்புழைக்குத் தேவையான அகலம் சரியாக அதுதான். அந்தக் கோட்டின் வழியே உள்ளே போன நீரை, மற்ற இடங்களில் இன்னும் நன்றாக ஒட்டிக்கொண்டிருக்கும் அதே சீலன்ட் வெளியேற விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். இப்படிப் பிரிவதற்கு முக்கியக் காரணம் மூன்று பக்கமும் ஒட்டுவது. மூட்டின் இரண்டு பக்கச்சுவர்களோடு அடித்தளத்திலும் ஒட்டிக்கொண்ட சீலன்ட், மூட்டு விரியும்போது நீள வழியில்லாமல் கிழிகிறது. அதனால்தான் முதலில் மூட்டின் அகலத்தைவிடச் சற்றுப் பருத்த, துளைகள் மூடிய நுரைக் கயிற்றை அழுத்தி உள்ளே செலுத்தி, அதன் மேல் அகலத்தில் பாதி ஆழத்துக்குச் சீலன்ட் இட வேண்டும். நுரைக் கயிற்றில் சீலன்ட் ஒட்டாது. இரண்டு பக்கங்களை மட்டும் பிடித்துக்கொண்டு ரப்பரைப் போல நீண்டு சுருங்கும். இவ்வளவையும் சரியாகச் செய்த பிறகும், ஒருநாள் அது பிரியும் என்று வைத்துக்கொண்டே மூட்டை வடிவமைக்க வேண்டும். வெளி அடைப்புக்குப் பின்னால் அகலமான வெற்றிடம் ஒன்று, அந்த வெற்றிடத்தின் அடியில் வெளியே திறக்கும் வடிகால் துளை, எல்லாவற்றுக்கும் உள்ளே காற்றைத் தடுக்கும் இன்னோர் அடைப்பு என்று இரண்டு அடுக்காக அமைந்த மூட்டு, முன் அடைப்பு பிரிந்த பிறகும் அறையை நனைக்காது. முன் அடைப்பின் வழியே வந்த நீர் வெற்றிடத்தில் இறங்கி வெளியே போய்விடும். உள் அடைப்பு நனைவதே இல்லை என்பதால் அதில் கோடு விழுந்தாலும் இழுப்பதற்கு நீர் கிடையாது. வடிகால் துளையை “ஓட்டை” என்று நினைத்து வெள்ளை சிமெண்ட் வைத்துப் பூசிவிடும் நல்லெண்ணம் படைத்தவர்களிடமிருந்து மட்டும் அதைக் காப்பாற்ற வேண்டும்.

சுவரின் அடிப்பகுதியில் ஏறும் ஓதத்தைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டதால் சுருக்கமாகவே சொல்கிறேன். செங்கல்லிலும் கலவையிலும் உள்ள துளைகள் மைக்ரான் அளவிலானவை. 1 மைக்ரான் ஆரமுள்ள துளையில் நீர் கணக்குப்படி 15 மீட்டர் ஏற வேண்டும். சுவர்களில் ஓதம் பெரும்பாலும் இடுப்பளவில் நின்றுவிடுவதற்குக் காரணம், ஏறுகிற நீரும் ஆவியாகிற நீரும் அங்கே சமமாகிவிடுவதுதான். ஆகவே ஓதம் தெரியும் பகுதியை நீர் புகாத பூச்சாலோ ஓடுகளாலோ மூடினால், ஆவியாகும் வழி அடைபட்டு, ஓதம் மூடியதற்கு மேலே போய்த் தலைகாட்டும். உப்பும் அங்கே பூக்கும். முறையான தடுப்பு, தரைமட்டத்துக்குக் குறைந்தது 150 மி.மீ. மேலே சுவரின் முழுத் தடிமனுக்கும் தார் தாளோ பிளாஸ்டிக் தாளோ கற்பலகையோ குறுக்கே வைப்பது. தளத்துக்கு அடியில் பொடி கலக்காத பெரிய ஜல்லியைப் பரப்புவதும் அதே நோக்கத்துக்காகத்தான். ஜல்லிக் கற்களுக்கு நடுவே உள்ள இடைவெளிகள் நீரை ஏற்றாத அளவுக்குப் பெரியவை. ஜல்லி மலிவாகக் கிடைக்கிறது என்று பொடியோடு கொட்டினால், பெரிய இடைவெளிகளைப் பொடி நிரப்பி, தடுப்பே திரியாகிவிடும். சுவரின் குறுக்கே வைத்த தடுப்பையும் இதே போலத் தோற்கடிக்கலாம்: வெளிப்பூச்சைத் தடுப்புக்கு மேலிருந்து தரைவரை இழுத்துப் பூசினால் போதும், நீர் பூச்சின் வழியே தடுப்பைச் சுற்றிக்கொண்டு ஏறிவிடும்.

நீரை விலக்கும் திரவங்களை அடித்துவிட்டால் காடியும் வேண்டாம், இடைவெளியும் வேண்டாம் என்று விற்பனைக்காரர்கள் சொல்வதுண்டு. சிலேன், சிலாக்சேன் வகைத் திரவங்கள் துளைகளின் சுவரை நீரால் நனையாததாக மாற்றுகின்றன. சேர்கோணம் 90 பாகையைத் தாண்டியதும் நுண்புழை இழுப்பதை விட்டுவிட்டு நீரைத் தள்ளத் தொடங்குகிறது. சேர்கோணம் 110 பாகை என்று கொண்டால், 0.1 மி.மீ. விரிசல் சுமார் 500 பாஸ்கல் அழுத்தத்தைத் தாங்கி நிற்கும், நல்ல பலன்தான். விரிசல் 0.5 மி.மீ. ஆகிவிட்டால் தாங்குவது 100 பாஸ்கல் மட்டுமே. மணிக்கு 46 கி.மீ. வேகத்தில் மோதும் காற்று அதைத் தோற்கடித்துவிடும். எனவே துளைகள் நிறைந்த செங்கல் முகத்துக்கு இந்தத் திரவம் பயன்படும். மூட்டுக்கும் விரிசலுக்கும் இதை மருந்தாக நம்பக்கூடாது. தூசியும் அழுக்கும் படிந்தால் பரப்பு மீண்டும் நனையத் தொடங்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கசிவு எந்த மூட்டில் என்று தேடும்போது, குழாயால் நீர் அடித்துப் பார்ப்பதே இன்றும் நம்பகமான வழி. கீழிருந்து தொடங்கி மேலே போக வேண்டும். மேலே அடித்தால் வழியும் நீர் கீழுள்ள மூட்டுகள் அனைத்தையும் நனைத்து, எது குற்றவாளி என்று தெரியாமல் செய்துவிடும். சோதிக்காத மூட்டுகளைப் பிளாஸ்டிக் தாளால் மூடி ஒட்டிவிடுவது நல்லது. நீரில் சோப்பு எதுவும் கலந்திருக்கக் கூடாது. சோப்பு பரப்பு இழுவிசையைக் குறைத்து, சேர்கோணத்தையும் மாற்றிவிடுவதால், மழைநீர் நுழையாத மூட்டிலும் சோப்புநீர் நுழைந்துவிடும். காற்று தள்ளும் கசிவு காற்றோடு வந்து காற்றோடு போகும். நுண்புழைக் கசிவு அப்படியல்ல. மூட்டு முதலில் தன் வயிற்றை நிரப்பிக்கொள்ள வேண்டும் என்பதால் தாமதமாகத் தொடங்கும், மழை விட்ட பிறகும் நாள்கணக்கில் நீடிக்கும். குழாயை மூடிய உடனே “ஒன்றும் வரவில்லை” என்று முடிவெடுத்து ஏணியை எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாது.

சந்தேகப்பட்ட மேற்படிவைப் பிரித்துப் பார்க்க முடிந்தால் இன்னும் தெளிவு கிடைக்கும். இரண்டு பரப்புகளின் உள்முகத்திலும் நீர் ஏறி நின்ற இடத்தில் அழுக்கு ஒரு கோடாகப் படிந்திருக்கும். கீழ்விளிம்பிலிருந்து அந்தக் கோட்டின் செங்குத்து உயரத்தை அளந்து, 15-ஐ அதனால் வகுத்தால் சந்தின் அகலம் ஏறத்தாழத் தெரிந்துவிடும்: 30 மி.மீ. உயரத்தில் கோடு இருந்தால் சந்து 0.5 மி.மீ. கோடு மேல்விளிம்புக்குப் போதிய தொலைவுக்குக் கீழே, காற்றழுத்தத்துக்கும் இடம் விட்டு நின்றிருந்தால், அந்த மூட்டை அப்படியே திரும்பப் பூட்டிவிட்டு வேறிடத்தில் தேடலாம். கோடே இல்லாமல் முழு முகமும் அழுக்கேறியிருந்தால் நீர் உச்சிவரை போயிருக்கிறது என்று பொருள்; அங்கே பட்டையோ பள்ளமோ வைக்காமல் மூடக் கூடாது.